பின்கண்ணாடியில் தெரிந்த வெள்ளைப் புகை

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றக்கூடச் சோம்பல்பட்டவர் என்று என் அண்ணனைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நிஜாம் காலத்து ஹைதராபாத்தில் பெரிய நிலப்பிரபுவான ஒரு ஜாகீர்தார் வீட்டில் அண்ணன் டிரைவர். நான் செகந்திராபாத்தில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அண்ணன் ஓட்டியது அந்த வீட்டுப் பெண்கள் மட்டும் போகும் ஜனானா கார். கண்ணாடிகளுக்கெல்லாம் திரை, டிரைவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு திரை. காலையில் ஜாகீர்தாரின் மனைவி பேகம் ஏற வரும்போது வாசலில் நிற்கும் ஆண்கள் அத்தனை பேரும் சுவர் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகுதான் இன்ஜினைக் கிளப்பலாம். கார் கேட்டைத் தாண்டும்வரை ஒருவரும் தலையைத் திருப்பக் கூடாது.

சில நாட்களாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அண்ணன் தினமும் ஊற்றினார், என்னிடம் வந்து புலம்பவும் செய்தார்.

"காலையில கிளப்பறப்போ பின்னாடி புகை எப்படி வருதுண்ணா?"

"நான் எங்கடா பாக்கறது? திரும்பினா வேலை போயிடும். போய் எறங்கிப் பாத்தா ஒண்ணும் இல்ல."

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் லேசாக விட்டுப்போனால் வண்டி நிற்கும்போது தண்ணீர் சிலிண்டருக்குள் கசியும். காலையில் கிளப்பினதும் வெள்ளையாக, ஈரமாக ஆவி வரும். இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். பார்க்க வேண்டிய அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அந்த வீடே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. காரை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள் என்று வீட்டுக் காரியங்களைப் பார்க்கும் முன்ஷியிடம் அண்ணன் கெஞ்சினார். "ஷாதி சீசன், இப்ப நக்கோ" என்று, கல்யாண நாட்களில் காரை விட முடியாது என்று அவர் முடித்துவிட்டார்.

அந்த வாரமே ஹுசைன்சாகர் ஏரிக் கரையில் இன்ஜின் கொதித்து நின்றது. வேறு வண்டி வரும்வரை பேகம் மூடிய திரைக்குள் வெயிலில் வெந்தார். தண்ணீர் ஊற்றாத டிரைவர் என்று அன்றே அண்ணனை வெளியே அனுப்பினார்கள். அந்த வீட்டிலிருந்து நல்லபடியாக ஒரு சர்டிபிகேட் வராவிட்டால் வேறு எந்த வீட்டிலும் அவரை ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள்.

கார் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்தது. ஹெட்டைக் கழற்றினேன். தண்ணீர் ஓட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கெட் கருகி வழி விட்டிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணனையும் இழுத்துக்கொண்டு முன்ஷியிடம் போனேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணி இல்லாம ஓட்டினான், கருகிடுச்சு" என்றார்.

அப்படியும் கருகும். அதை என்னால் மறுக்க முடியவில்லை. முன்பிருந்தே கசிந்தது என்று நிரூபிக்க, முன்பே புகையைப் பார்த்த ஓர் ஆள் வேண்டும்.

பேகம் அனுப்பியதாக உள்ளே இருந்து ஒரு வேலைக்காரி வந்தாள். அவள் தக்கணி உருதுவில் சொன்னது இதுதான்: தினமும் காலையில் வெள்ளைப் புகை வந்ததைப் பேகம் பின்கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். முன்ஷிக்கு அப்போதே சொல்லியும் அனுப்பியிருக்கிறார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முன்ஷிக்கு முகம் வெளுத்தது, ஆனால் ஒரு கணம்தான். வேலைக்காரி போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"பேகம் சாஹிபா திரையை ஒதுக்கி வெளியே பாக்கறாங்கன்னு ஜாகீர்தார்கிட்ட நான் சொல்லணுமா? சொல்லுங்க, இப்பவே போறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் கையைப் பிடித்தார். "வேணாம்டா. நல்லது சொன்ன அம்மாவுக்கு நம்மால கெட்ட பேரு வேணாம். வா போலாம்."

முன்ஷியைவிட அண்ணன்மேல்தான் எனக்கு அப்போது ஆத்திரம். இப்படிப்பட்ட நல்லவர்களை நம்பித்தான் அயோக்கியர்கள் பிழைக்கிறார்கள். அண்ணன் ரயில்வே யார்டில் கரி அள்ளப் போனார்.

புது கேஸ்கெட் போட்டு முடித்ததும் முன்ஷி புது டிரைவரோடு காரை எடுக்க வந்தார். இன்னும் ஒரு வேலை பாக்கி என்றார். பின்கண்ணாடி முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டுமாம், ஜாகீர்தார் உத்தரவாம். தன்மேல் பேச்சு வருவதற்கு முன் அவர் முந்திக்கொண்டு பேகம் வெளியே பார்த்ததைப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் யார்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா பாத்தது ஜாகீர்தாருக்குத் தெரிஞ்சு போச்சா?"

"தெரிஞ்சு போச்சு."

"அப்ப இனிமே மறைக்க என்ன இருக்கு, என் சர்டிபிகேட்டைக் கேக்கலாமாடா?" என்று கேட்டார்.