முதுகுல ஒட்டிக்கினு வந்த பச்ச வண்டி

பஸ்ஸு ஓட்டறவனுக்குக் கண்ணு ரெண்டும் முன்னாடி, கிலி மட்டும் பின்னாடி. சைக்கிளோ மாட்டு வண்டியோ, எதுல போனாலும் பின்னாடி ஒருத்தன் ஒட்டிக்கினு வர்ற அவஸ்த உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு அது தெனம் ரெண்டு நடை. உத்திரமேரூர்லேர்ந்து காஞ்சிபுரத்துக்கு நான் வண்டி எடுத்த பத்தாவது நிமிசம், வேற மொதலாளியோட பச்ச வண்டிய எடுப்பான் கோவிந்தன். மாகறல் வர்றதுக்குள்ள என் முதுகுல இருப்பான். முந்திப் போனா ஸ்டாப்புல நிக்கிற சனம் பூரா அவனுக்கு, அதான் அவசரம்.

கடைசி சீட்டுதான் கண்ணாடி

என் வண்டியில சைடு கண்ணாடி ஒண்ணு இருந்திச்சி. எஞ்சின் ஓடினா அதுல தெரியறது ஒண்ணு நாலா ஆடும். அதனால கடைசி சீட்டுல குந்தறவங்கதான் எனக்குக் கண்ணாடி. "பின்னாடி இன்னா கீது?"ன்னு கேப்பேன், சொல்லுவாங்க. ஒரு நாளு மல்லாட்ட, அதான் வேர்க்கடல, மூட்டையோட குந்தியிருந்த அம்மா ஒண்ணு நிதானமா சொல்லிச்சி: "பச்ச வண்டி டிரைவரு வெத்தல போட்டுக்கினு கீறாரு. சுண்ணாம்பு கொஞ்சம் ஜாஸ்தி, வாயி வெந்துடும்."

பிரேக்க மிதிச்சி பயம் காட்டினேன்

புதுசுல எனக்கும் ரோசம் இருந்திச்சி. பின்னாடி வர்றவன் மெரளட்டும்னு ஒரு தபா சும்மானாச்சியும் பிரேக்க மிதிச்சேன். நல்லாவே மெரண்டான். மெரண்டவன் நேரா என் வண்டியில வந்து இடிச்சான். மேல இருந்த கத்திரிக்கா கூடை ரெண்டும் அவன் பானட்டு மேல எறங்கிச்சி. நல்லவேளை, யாருக்கும் அடி இல்ல.

சாயங்காலம் எங்க மொதலாளி வந்து பின்பக்கப் பள்ளத்தத் தடவிப் பாத்தாரு. மூக்காலயே பேசற மனுசன். "தப்பு அவன் மேலதான். ஆனா பள்ளம் என் வண்டியில கீது. இன்னொரு பள்ளம் வுழுந்தா நீ வூட்டுக்குப் போயிடு."

அவன் எடமும் என்கிட்ட

அன்னிலேர்ந்து வழிய மாத்திக்கினேன். அவன் ஒட்டினா நான் வேகத்தக் கூட்டறதில்ல. கால மெல்லத் தூக்கி, முன்னாடி போற வண்டிக்கும் எனக்கும் நடுவுல எடத்தப் பெருசாக்கிக்குவேன். திடீர்னு பிரேக்கு போடற வேலையே வரக்கூடாது. நிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே கைய வெளிய நீட்டி மேலயும் கீழயும் ஆட்டுவேன். கண்டக்டர் துரைசாமி பின்படியில நின்னு அதே மாதிரி ஆட்டுவான்.

ஒரு நாளு கரும்பு லாரிக்குப் பின்னால தள்ளித் தள்ளிப் போறேன். முன் சீட்டுல ஒரு பெரியவரு, "இன்னா நைனா, முன்னாடி அம்மாம் எடம் காலியா கீது, நவுந்து போயேன்"ன்னாரு. பின்னாடி வர்றவன் எடம் வுடல, அவன் பங்கையும் சேத்து நான் வுடறேன்னேன். யோசிச்சிட்டு சொன்னாரு: "அப்ப அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லி உனக்கும் ஒரு வேள சோறு போடச் சொல்லு."

டீக்கடையில ஒரு நடை

அடுத்தவங்கள மாதிரி செஞ்சி காட்டலன்னா எனக்கு டீ எறங்காது. நெஞ்ச இல்லாத ஸ்டீரிங்கு மேல சாச்சி, கழுத்த ஆமை மாதிரி நீட்டி, துரைசாமி முதுகுல மூக்க வெச்சிக்கினு, கன்னத்த உப்பி "பாம் பாம்"னு கடைய ஒரு சுத்து வந்தேன். அசல் கோவிந்தன். சனம் வுழுந்து வுழுந்து சிரிச்சிது. சட்டுனு அத்தினி பேரும் வாய மூடினாங்க. என் பிடரியில வெத்தல வாசன.

நான் திரும்பல. ஒரு மூச்சு வுட்டு, இன்னொரு "பாம்" மட்டும் போட்டேன். அவனுக்கே சிரிப்பு தாங்கல. "ஆரன் சரியா கீது, அண்ணாத்த. ஆனா நான் அவ்ளோ கிட்டயா வர்றேன்?"

கொள்ளு மேல பிரேக்கு

கேட்டானே தவிர, அப்புறமும் அவ்ளோ கிட்டதான் வந்தான். மாசி மாசத்துல நம்ம பக்கம் கொள்ளுச் செடிய ரோட்டு மேலயே பரப்பிடுவாங்க. வண்டிங்க ஏறி எறங்கினா காயி வெடிச்சி கொள்ளு தனியா வந்துடும். அது மேல பிரேக்கு மிதிச்சா சக்கரம் நிக்கும், வண்டி நிக்காது.

அந்த மாசம் ஒரு நாளு எங்க மொதலாளியே முன் சீட்டுல. பின்னாடி கோவிந்தன் ஆரன் மேல ஆரன். "வழி வுடாதே. மாகறல் சனம் பூரா அவனுக்குப் போயிடும். வுட்டேன்னா நாளைக்கு வேற டிரைவரு"ன்னாரு மூக்கால. தூரத்துல ரோடு பழுப்பா தெரியிது, கொள்ளுதான். வழி வுட்டா வேல போவும், இடிபட்டாலும் வேல போவும். வழி வுட்டா வண்டியில கீறவங்களாவது முழுசா வூடு போயி சேருவாங்க. மெல்ல மண்ணு ஓரத்துல எறக்கி, போன்னு கைய வீசினேன். துரைசாமி "கொள்ளு, கொள்ளு"ன்னு கத்தினான். யாரு கேக்கறது?

கொள்ளு நடுவுல எரும ஒண்ணு நின்னு தின்னுக்கினு இருந்திச்சி. அதப் பாத்து கோவிந்தன் பிரேக்க மிதிச்சான். பச்ச வண்டி ஒரு அரை வட்டம் போட்டு, சேத்துக் கழனியில எறங்கி நின்னுது. யாருக்கும் ஒரு கீறல் இல்ல. எரும தலையத் தூக்கிக் கூடப் பாக்கல.

மொதலாளி கழனியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. அப்புறம் அதே மூக்கால சொன்னாரு: "அந்த சனத்தையும் ஏத்திக்கோ. எடம் பத்தலன்னா நான் நின்னுக்கறேன். நாளைக்கு நேரத்தோட வா."

பின்னாடி ஒட்டிக்கினு வர்றவனுக்கு நான் கண்டுபுடிச்ச ஒரே மருந்து, மரியாதையா அவன முன்னாடி அனுப்பிட்டு, நல்லாத் தள்ளி நின்னு வேடிக்க பாக்கறதுதான்.