கண்ணத் தொறந்து சொன்ன ஜெபமாலை

ஏண்டி ஜெயா, ஜெபம் முடிஞ்சா வீட்டுக்குப் போயி உலைய வைக்க வேண்டியதுதானே? என் பேத்தி தொண்டையில என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் ஒனக்குச் சோறு எறங்குமா? சரி, உக்காரு. மாதா செஞ்சத மறைச்சா எனக்குத்தான் பாவம்.

ஸ்டெல்லா அப்ப அஞ்சாவது. இப்ப திருச்சியில காலேஜு, வீடு வெறிச்சோடிக் கெடக்கு. அப்ப என்னா பேச்சு பேசுவா தெரியுமா! டான்சில் வீங்கி வீங்கிக் காய்ச்சல் வருதுன்னு தஞ்சாவூருல ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஐஸ்கிரீமும் குழைஞ்ச சோறுமா நல்லாத்தான் தேறுனா.

தாளடி அறுப்பு நேரம். நெல்லு வாசல் ரோட்டுல காயிது. சாயங்காலம் எல்லாருமா ஜெபமாலை சொல்றோம். அவங்கல்லாம் கண்ண மூடுவாங்க. நான் மூட மாட்டேன். மூடுனா பக்கத்து வீட்டுக் கோழி சும்மா இருக்குமா? "ஜெபம் சொல்றீங்களா, கோழி மேய்க்கிறீங்களா அத்தை?"ம்பா மருமவ.

அன்னிக்கும் வாயி ஜெபத்துல, கண்ணு நெல்லுல. கோழி வருதான்னு திரும்புறேன், ஸ்டெல்லா எச்சி முழுங்குறா. மறுபடியும் முழுங்குறா. வாயில ஒண்ணுமில்ல, சும்மா முழுங்கிக்கிட்டே இருக்கா. "ஆ காட்டுடி"ன்னேன். மாட்டேன்னு தலைய ஆட்டுறா. திரும்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயம். வாயப் பிரிச்சுப் பாத்தா பல்லெல்லாம் ரத்தம்.

நான் போட்ட கூச்சல்ல, தெருமுனை சலீம் ஆட்டோவ எடுத்தாந்துட்டான்.

"பெரியம்மா, நெல்லு மேல ஏத்தணுமே!"

"ஏத்துய்யா! நெல்லு அடுத்த போகம் வெளையும்!"

போற வழியில ரத்தமா வாந்தி எடுத்தா. என் மடியெல்லாம் நனைஞ்சு போச்சு. பெருசா ஜெபம் பண்ண எனக்கு எங்க தெரியும்? "அம்மா, நீயும் புள்ள பெத்தவ. இவ பேச்சு எனக்கு வேணும்"னேன். அம்புட்டுத்தான்.

டாக்டரம்மா நேரா தியேட்டருக்குக் கொண்டு போயி ரத்தத்த நிறுத்திட்டாங்க. "ரத்தத்த முழுங்கிக்கிட்டே இருந்திருக்கா, வெளிய தெரியாது. யாரு கவனிச்சீங்க?"ன்னாங்க. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. புள்ளயப் பாத்துக்க தாயேன்னு தெனமும் மாதாவக் கேட்டேன். அவ என் கண்ண வச்சே பாத்துட்டா.

ஸ்டெல்லா திரும்பி வந்தப்ப தெருவே கூடிருச்சு. "என்ன நேந்துக்கிட்டீங்க பெரியம்மா?"ன்னாளுவ.

"தியேட்டர் வாசல்லயே மாதாகிட்ட, வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னுட்டேன்டி, முட்டிய ஒரு வார்த்தை கேக்காம. கூட வாங்க. உங்க வீட்டுலயும் வலிய வெளிய சொல்லாம ஒரு ஆளு உக்காந்திருக்கும். அதுக்காக நடங்க. அவ கேப்பா"ன்னேன்.