வெயிலில் ஏறிய வெள்ளம்

மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கும் மாவட்டத்தில் மலையே கிடையாது. வரைபடத்தில் விரலை எங்கே வைத்தாலும் பச்சை, தட்டை, நடுவே ஓர் ஆறு. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவள் நர்ஸ். இல்லம் ஆற்றுக்குத் தாழ்வாக இருக்கிறது. ஆறு நிறைந்தால் அவள் தலைக்கு மேலே தண்ணீர் ஓடும். நடுவில் மண்கரை ஒன்றுதான்.

அந்த ஊர்த் தேவாலயச் சுவரில் பழைய வெள்ளங்களின் உயரத்தைக் கோடு கோடாகக் கீறி வைத்திருக்கிறார்கள். படம் அனுப்பினாள். கையை உயர்த்தியும் மேல் கோடு அவளுக்கு எட்டவில்லை. ஒரு காலத்தில் எல்லாமே சதுப்பாம். கரை கட்டி வயலாக்கினார்களாம். தன் பங்குக் கரையைக் காக்க முடியாத குடியானவன் அதில் மண்வெட்டியைக் குத்திவிட்டு நிலத்தை விட்டே போக வேண்டுமாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன கோடையில் அங்கே நான்கு நாள் மழை. தென்காசி வீட்டு மாடியில் போனைப் பிடித்தபடி நடந்துகொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் மழை விட்டது, மூச்சு வந்தது. எனக்குத் தெரிந்த தண்ணீர் குற்றாலத்துத் தண்ணீர். மலை கறுத்தால் அரை மணியில் அருவி செம்மண்ணாகும், குளிக்கிறவர்கள் ஈரத்துண்டோடு ஓடுவார்கள். மழை விட்டால் அதுவும் அடங்கும்.

மறுநாள் பிற்பகல் வீடியோவில் வந்தாள். பின்னால் பளீரென்று வெயில்.

"யம்மா, தண்ணி ஏறுது."

"வெயிலு அடிக்கு, தண்ணி எங்கேருந்து வரும், ஏட்டி?"

"இது ஒன் குத்தாலமாம்மா, ஒடனே வந்து ஒடனே வடிய? மேல பெஞ்ச மழை மெல்ல நடந்துல்லா வருது. நாளைக்குத்தான் உச்சமாம்."

"நீ கெளம்பி இங்கன வந்துரு."

"பதினெட்டு பேரு படுக்கையில கெடக்காவ. எல்லாரையும் மாடிக்குத் தூக்கணும். ஒரு தாத்தா, 'அப்படியே இந்தியாவுக்குத் தூக்கிட்டுப் போயிரு'ங்காரு. வச்சிருதேன்."

சிரித்தபடிதான் வைத்தாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் மணி மட்டும் அடித்தது. எங்கள் தெருவிலும் அன்று நல்ல வெயில். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அழைத்தாள். குரல் கம்மியிருந்தது. கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றுவிட்டதாம்.

"தப்பிச்சாச்சுல்லா?"

"தண்ணி எறங்கையிலதான் ஊறுன கரை சரியுமாம், யம்மா. ரெண்டு நாளு பாக்கணும். நீ பயந்துராத."

ஆற்றின் அளவைக் காட்டும் இணைப்பு ஒன்றை அனுப்பியிருந்தாள். மணிக்கு மணி அது இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் பயமாக இருந்தது.