ஸ்வெட்டரைக் கழற்றியது யார்?

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை, மூடுபனி இறங்கினாலே அங்கே ஆளுக்கொரு கதை விடுவார்கள், போய் வேலையைப் பாருங்க என்று விரட்டிவிடுவேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

போன ஆடி மழையில் என் மகள் யாழினிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. நாலு வயசு. எங்கள் குளிருக்குக் காய்ச்சல் என்றால் துணியைக் குறைக்கத் தோன்றாது, மேலே மேலே மாட்டத்தான் தோன்றும். ரெண்டு ஸ்வெட்டர், ஜாக்கெட், பூட்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே கம்பளியைச் சுற்றி, கொட்டுகிற மழையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் நனைந்த கம்பளியோடு அப்படியே எடை பார்த்தார்கள். மறுபடி வலிப்பு வந்தால் ஊசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அப்போது கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

வார்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். மூலைக் குழாயில் துணி நனைத்துத் திரும்பினால், பிள்ளை வெறும் ஜட்டியோடு கிடக்கிறாள். ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் கால்மாட்டில் மடித்து வைத்திருக்கிறது. அவளுக்கோ கையைத் தூக்கவும் தெம்பில்லை. எந்த அறிவுகெட்ட ஆள் இந்தக் குளிரில் கழற்றியது என்று திட்டிக்கொண்டே மறுபடி மாட்டினேன். போனை எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான், மறுபடியும் ஜட்டியோடு கிடக்கிறாள். துணியெல்லாம் பழையபடி கால்மாட்டில் மடித்து வைத்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன், யாருமில்லை.

அப்போதுதான் வலிப்பு வந்தது. நர்ஸ் ஊசியோடு ஓடிவந்தார், பிள்ளையையும் கால்மாட்டில் இருந்த துணிக் குவியலையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சீக்கிரம் போடுங்க சிஸ்டர், உங்க கால்ல விழறேன்."

"ஏனுங்க, எடை பாக்கறப்ப இதெல்லாமா போட்டிருந்தீங்க?"

"ஆமாங்க, இப்ப அதுவா முக்கியம்?"

அவர் பிள்ளையை அள்ளிக்கொண்டு எடை மெஷினுக்கு ஓடினார். நான் செத்துப் பிழைத்தேன். முதலில் பார்த்ததைவிட நாலு கிலோ குறைவாக இருந்தது. மருந்தைக் குறைத்து ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்து பிள்ளை தூங்கினாள்.

"குழந்தைகளுக்கு எடைக்குத் தகுந்துதானுங்க மருந்து. மொதல்ல எடுத்த அளவு போயிருந்தா மூச்சே நின்னாலும் நின்னிருக்கும். நல்லவேளை, நீங்க கழட்டி வெச்சீங்க" என்றார். நான் கழற்றவில்லை என்று சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது.

மறுநாள் காலையில் யாழினி பால் குடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"சாமி, உன் ஸ்வெட்டரை யாரு கழட்டுனா?"

"அந்த அக்கா. குளுருதுன்னேன், அப்பவும் கழட்டுனா."

"எந்த அக்கா?"

"என்னாட்டம் சின்ன அக்கா. அவளுக்கு யாருமே கழட்டலையாம், அம்மா."

சொல்லிவிட்டு மறுபடி பாலைக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த வார்டில் அதற்கு முன்னால் ஏதாவது பிள்ளை இறந்ததா என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை, ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். அந்தப் பிள்ளையையும் ஓர் அம்மா என்னைப் போலவே நன்றாகப் போர்த்தித்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள்.