கேட்டதற்குப் பதில் சொன்ன இருவர்

சின்னமனூர் கடைவீதியில் டைப் அடித்துக் கொடுப்பவர் அவர். ஒல்லியான ஆள். அடிக்கும் ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் முணுமுணுப்பார். மேகமலை ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் நாற்பது பேரிடம் கேட்டு எழுதிய என் பி.ஏ. ஆய்வறிக்கையை மறுநாள் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். கடைசி இருவரின் பதில்களை மட்டும் யாரையும் கேட்காமல் நானே பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியிருந்தேன்.

அந்தப் பக்கத்தில் உதடு நின்றது.

"தம்பி, மத்தவுகல்லாம் கூலியைக் கேட்டா பிள்ளைக்குக் காய்ச்சல், மழைன்னு எதையோ சொல்றாக. இந்த ரெண்டு பேரு மட்டும் கேட்டதுக்கு நேராப் பதில் சொல்றாகளே, எந்த லயத்து வீட்டுல இருக்காக?"

"மேல் லயம்ணே."

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உதடு அசையாமலே அந்தப் பக்கத்தை அடித்து முடித்தார்.

பேராசிரியர் வகுப்பில் வாசித்துப் பாராட்டியது அந்தப் பக்கத்தைத்தான். கைதட்டலுக்கு நடுவே எனக்கு அந்த அசையாத உதடுதான் தெரிந்தது.