இருபது அடிக்கு ஒரு கல்

சிறு சிறு அடிகளாக எடுத்து வைத்தால் எவ்வளவு தூரமும் போய்விடலாம் என்று சொல்லும் முன்னேற்றப் புத்தகங்கள் என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன. ஒன்றையும் முடித்ததில்லை. முதல் அத்தியாயத்திலேயே முதுகு சில்லிட்டுவிடும். அந்த முறையை நான் ஏழு வயதிலேயே கடைப்பிடித்துப் பார்த்தவன். ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் ஓர் ஆள் செத்துக்கொண்டிருந்தார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஓசூரைத் தாண்டி, சானமாவுக் காட்டை ஒட்டி எங்கள் கேழ்வரகுக் கொல்லை, கொல்லைக்குள்ளேயே வீடு. காட்டோரமாகப் போகும் ஒற்றையடிப் பாதை முடிகிற இடத்தில் மெயின் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். தினமும் சித்தப்பா சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார். எனக்கு அம்மை போட்டு, நாகரசம்பட்டியில் அம்மாவின் பிறந்த வீட்டில் ஒரு மாதம் வேப்பிலையோடு கிடந்துவிட்டுத் திரும்பினால், சித்தப்பா இல்லை. சைக்கிளும் இல்லை. பெங்களூரில் மில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம்.

"இனிமே பள்ளிக்கூடம் வேணாம். மாட்டைப் பாத்துக்க," என்றார் அப்பா.

காரணம் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. நான் ஒரு பயந்தாங்கொள்ளி. சேவல் இறக்கையை அடித்தால் அம்மாவின் சேலைக்குள் போய்விடுகிறவன். தனியாகப் போகமாட்டான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். எனக்கோ மாட்டைக் கண்டாலும் பயம். எனவே இரண்டு பயங்களில் சின்னதைத் தேர்ந்தெடுத்தேன். பாதையைத் தனியாகக் கடந்து காட்டிவிட்டால் பள்ளிக்கூடம் திரும்பக் கிடைத்துவிடும்.

இருபதுவரைதான் எனக்குத் தடுமாறாமல் எண்ண வரும். முதல் நாள் காலை, அப்பா ஏரோட்டப் போனதும், பனிக்குள் இருபது அடி நடந்தேன். நின்ற இடத்தில் தேங்காய் அளவு கல் ஒன்றை அடையாளமாக வைத்துவிட்டு ஓடி வந்தேன். மறுநாள் அந்தக் கல்லிலிருந்து இன்னும் இருபது அடி போகவேண்டும்.

மறுநாள் கல்லின்மேல் ஒரு கொத்து ஆலந்தழை இருந்தது. ஒடித்த காம்பில் பால் இன்னும் காயவில்லை. சுற்றிலும் ஆள் இல்லை.

எங்கள் பக்கத்தில், யானை அடித்து யாராவது செத்தால் அந்த இடத்தில் ஒரு கல் வைப்பார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் பச்சைத் தழை ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுப் போவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. போடாமல் போகவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆக, நேற்று நான் வந்துவிட்ட பிறகு, சரியாக என் கல்லின் பக்கத்தில் யாரோ செத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து இருபது அடி போய் இரண்டாவது கல்லை வைத்தேன். அடுத்த நாள் அதிலும் தழை. மூன்றாவதிலும். பத்து நாளில் பத்துப் பேர். நான் எங்கே கால் வைத்தாலும் யானை ஓர் ஆளைக் கொண்டுவந்து அங்கே அடிக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பிறர் செத்தாவது நான் படித்துவிடவேண்டும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தோன்றியிருப்பதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஒரு காலை, பனிக்குள்ளிருந்து விறகுக்குப் போகும் இரண்டு பெண்களின் குரல் மட்டும் வந்தது. புதருக்குள் ஒளிந்துகொண்டேன்.

"ஏன்டி, நேத்து கல்லு அங்க இருந்துச்சு. இன்னிக்கு இங்கயும் ஒண்ணு?"

"நடக்கிறான்டி. தினம் கொஞ்ச தூரம் நடக்கிறான்."

"எங்க போறானாம்?"

"ரோட்டுப் பக்கமாத்தான் போறான். நீ வாயாடாம தழையைப் போடு."

தழை விழுந்த சத்தம் கேட்டது. தினம் கொஞ்ச தூரம் நடக்கிறவன் நான்தான் என்கிற சின்னக் கணக்கு என் மூளைக்கு எட்டவில்லை. வேறு ஒருவன் நடக்கிறான், எனக்கு ஓரடி முன்னாலேயோ பின்னாலேயோ. அதற்குப் பிறகு நான் எண்ணும்போது கூடவே யாரோ எண்ணுவது போலிருந்தது. பயத்தில் என் கல்லுக்கெல்லாம் நானே தழை ஒடித்துப் போட ஆரம்பித்தேன்.

இருபதாவது நாள் மெயின் ரோடு வந்தது. ஜூஜுவாடிப் பக்கம் போகும் லாரி ஒன்று புழுதி கிளப்பிப் போனதைப் பார்த்தேன். மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி, "காட்டுப் பாதையில தனியா ரோடுவரைக்கும் போயிட்டேன்" என்றேன். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா அடிக்கக் கையை ஓங்கினார், அடிக்கவில்லை.

மறுநாள் அவரே என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். நான் ஊர் திரும்பியதிலிருந்து, ரோட்டுக்குப் போவதென்றால் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போவார். அன்றைக்குத்தான் அந்தப் பாதையில் வந்தார். முதல் கல்லருகே வெகுநேரம் நின்றார். பிறகு தழை ஒடித்துப் போட்டார். அடுத்த கல்லிலும் போட்டார்.

"அப்பா, இதெல்லாம் நான் வச்ச கல்லு."

"இருக்கட்டும்டா. நீயும் போடு."

இருபதுக்கும் போட்டோம். பள்ளிக்கூடத்து மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

நான் அம்மையோடு கிடந்த மாதத்தில் சித்தப்பாவை அந்தப் பாதையில்தான் யானை அடித்திருக்கிறது. சைக்கிள் ஓரிடத்தில், அவர் ஓரிடத்தில் கிடந்ததால் எங்கே கல் வைப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. என் முதல் கல்லைப் பார்த்த ஊர், கடைசியில் அப்பாதான் வைத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறது. என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியது என்னுடைய பயம் அல்ல. இதெல்லாம் மீசை முளைத்த பிறகு எனக்குச் சொன்னார்கள்.

ஆனால் அப்பா பள்ளிக்கூடத்தில் விட்ட அன்று சாயங்காலம் நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "சித்தப்பாவுக்கு, நான் தனியாக ரோடுவரைக்கும் போய்விட்டேன், திரும்பப் பள்ளிக்கூடம் போகிறேன், யானை வரவில்லை" என்று எழுதி, பெங்களூருக்குத் தபாலில் போடும்படி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விலாசம் என்ன என்று யாரையும் கேட்கவில்லை. அவருக்கு மனப்பாடமாகத் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.