அண்டாவுக்குள் போன கேத்தல்

இங்கே பாய்லர் இடுப்பளவு உயரம்தான். கள்ளிக்குப்பத்தில் நான் முதல் டீ குடித்த கடையில் அது பித்தளை உடம்போடு, நெற்றியில் விபூதிப் பட்டையும் குங்குமமும் வைத்துக்கொண்டு, பூசைக்குக் காத்திருக்கும் குட்டிச் சாமியைப் போல நின்றது. "பாய்லர் இன்னும் சூடாவல, குந்து நைனா" என்றார் கடைக்காரர். நான் பாய்லரைத் தேடிக் கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லர் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து அறையைவிடப் பெரியது. விறகை விழுங்கிப் பெருமூச்சு விடும். அதன் அருகே போக துரையே தயங்குவார். இங்கே ஒருவர் அதன் தோளில் கைபோட்டபடி குழாயைத் திருகுகிறார். கடலுக்கு அப்பால் மலையகத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களே, ஊர் மாறினால் முதலில் மாறுவது பொருள்களின் உயரம்.

பெரியது என்பதைச் சொல்வதிலும் எனக்குத் தகராறுதான். நம் பத்திரிகைகளில் மண்சரிவும் பாரியது, வெற்றியும் பாரியது. இங்கே அந்தச் சொல்லை யாரும் தொடுவதில்லை. இங்கே எல்லாம் மாபெரும். மாபெரும் கோலப்போட்டி, மாபெரும் தள்ளுபடி, மாபெரும் கண் பரிசோதனை முகாம். பேச்சிலோ, மேடு என்று சொல்ல ஒரு திட்டுகூட இல்லாத இந்தச் சமதரையில், பெரியதெல்லாம் "மல மாதிரி கீது". பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, "எங்க நைனா ஆவடில டேங்க் செஞ்சாரு" என்றபோது நான் மரியாதையாக அவள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்தேன். அவள் சிரித்து முடித்து, இரண்டு கைகளையும் நீட்டி, "டுமீல்! டுமீலு டேங்க்கு!" என்று விளக்கினாள். அவள் அப்பா பீரங்கி வண்டிகளுக்கு நடுவில் வேலை செய்து ஓய்வு பெற்றவராம்.

நான் அம்பத்தூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். அங்கே எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று களைத்துப்போன வருஷம் நாங்கள் வந்தோம். எனக்கு ஊர் சீக்கிரம் பழகிவிட்டது. என் மனைவி மல்லிகாவுக்கு இல்லை. தெருவின் பேரைக்கூட அவள் சொல்வதில்லை. "இந்த எடம்" என்பாள். அவள் கையோடு கொண்டுவந்தது ஒரே சாமான்: ஓர் அலுமினியக் கேத்தல். லயத்து அடுப்பின் கரி அதன்மேல் தோலாகப் படிந்திருந்தது. கைப்பிடியில் அவள் பழைய சேலைக்கிழிசலைச் சுற்றி வைத்திருந்தாள். ஒருமுறை வாசல் கல்லில் விழுந்ததில் மூக்கு கொஞ்சம் கோணிப்போயிருந்தது. காலையில் அதில் தேத்தண்ணீர் கொதிக்கிற வாசம் வரும் பத்து நிமிஷம்தான் அவள் முகம் முழுசாக இங்கே இருக்கும். மற்ற நேரமெல்லாம், "எப்பங்க திரும்பிப் போறது?"

ஆடி வந்தது. தெருமுனை அம்மனுக்குக் கூழ் ஊற்ற ஏற்பாடு. வாடகைக்கு வந்த அண்டாக்கள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது மல்லிகா வாசலுக்கு வந்துவிட்டாள். நாம் கிடாரம் என்போமே, அதன் பெரியப்பன்மார். "ஒரு ஆளு உள்ளுக்கு உக்காந்து குளிக்கலாங்க" என்றாள். விடியற்காலையிலிருந்து தெருக்காரர்கள் துடுப்புப் போட்டுக் கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அன்று அவளுக்கு என்ன தோன்றியதோ, கேத்தல் நிறைய இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயோடு தானாகவே அங்கே போய் நின்றாள்.

"இன்னாம்மா இது, பாலுக்கு வழி இல்லியா?" என்றார் ஒருவர்.

"பால் போட்டா தேயில ருசி எப்பிடித் தெரியும்?" என்றாள் மல்லிகா.

"பார்றா, டீக்கு ருசி வேற கீதாம்!"

குடித்தார். இரண்டாம் முறையும் கிளாஸை நீட்டினார். அன்று மூன்று தடவை கேத்தல் நிரம்பிக் காலியானது. அவள் கூட்டத்தின் நடுவில் நின்று யாருடனோ சத்தமாகப் பேசுவதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். வந்த நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவி அடுக்கியபோது கேத்தல் இல்லை.

மறுநாள் கஸ்தூரி வீடுவீடாக விசாரித்தாள். கேத்தல் என்றால் இங்கே யாருக்கும் புரியவில்லை; கெட்டில் என்றால் ஒயர் போட்ட பிளாஸ்டிக் சாமானை நினைத்தார்கள். "மூக்கு வெச்ச தூக்கு" என்று கஸ்தூரியே ஒரு விளக்கம் கண்டுபிடித்துச் சொன்னாள். அதன் பலனாக எங்கள் வாசலுக்கு ஒரு கூஜா வந்தது, ஒரு கெண்டி வந்தது, யாரோ நல்ல மனசுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி ஒன்றைக்கூடக் கொண்டுவந்தார். "இதுவா பாரும்மா, இல்லாட்டியும் வெச்சிக்கோ." எல்லாவற்றின் வயிற்றிலும் புள்ளிப்புள்ளியாக ஒரு பேர் வெட்டியிருந்தது.

"உன்னுதுல பேரு வெட்லயா?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"இல்ல."

"பேரு இல்லாத பாத்திரம் ஊட்டுக்கு எப்டிம்மா வழி கண்டுபுடிக்கும்?"

மல்லிகா உள்ளே போய்விட்டாள். அன்று பாத்திரத்தில் தேத்தண்ணீர் கொதிக்கவைத்து, கரண்டியால் மொண்டு ஊற்றினாள். "நம்ம சாமான நான் வெளிய கொண்டு போயிருக்கக் கூடாதுங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க வாசலுக்கே வரவில்லை. கேத்தல் கிடைக்காவிட்டால் இந்தத் தெருவும் அவளுக்கு இனிக் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கஸ்தூரிக்குத்தான் அது தோன்றியது: சின்னச் சாமான்களையெல்லாம் அண்டாவுக்குள் போட்டல்லவா ஆட்டோவில் ஏற்றினார்கள்? வாடகைக் கடை மாங்காட்டில், அவள் பெரியப்பா மகனுடையது. மூன்று பேரும் போனோம். தகரக் கொட்டகைக்குள் அண்டாக்கள் ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. மேலே ஒரு கொக்கியில் வெள்ளை வெளேரென்று ஏதோ தொங்கியது. மல்லிகா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மறுபடி பார்த்தாள். கைப்பிடியில் அவள் சேலைத்துணி.

"கரி புடிச்சு நாறிக்கினு இருந்துச்சும்மா" என்றார் கடைக்காரர் பெருமையாக. "ரெண்டு நாளு புளி போட்டு ஊற வெச்சுத் தேச்சேன். இப்ப பாரு, பளபளன்னு கீது." வயிற்றில் புதுசாகப் புள்ளி எழுத்துகள்: மாங்காடு வாடகை.

"அண்ணாத்தே, அது இவங்கள்து" என்றாள் கஸ்தூரி.

"எங்க பேரு கீதே கஸ்தூரி! ஆடி முச்சூடும் நாலு தெருவு சாமான் வந்துச்சு. நாளைக்கு இன்னொருத்தன் வந்து என்னுதுன்னு நின்னா நான் இன்னா பண்றது? ஏதாச்சும் அடையாளம் சொல்லச் சொல்லு."

மல்லிகா முன்னால் போனாள். கொக்கியிலிருந்து கேத்தலை எடுத்தாள். குழாயில் தண்ணீர் பிடித்தாள். மேசைமேல் ஒரு டம்ளர் இருந்தது. கடைக்காரர் அதை நேராக மூக்குக்குக் கீழே நகர்த்தி வைத்தார். அவள் அதை இரண்டு விரற்கடை இடதுபக்கம் தள்ளினாள்.

"அங்க எதுக்கும்மா?"

"இது எடப்பக்கமாத்தான் ஊத்தும்" என்று சாய்த்தாள். தண்ணீர் கோணலாக வளைந்து, சொட்டுச் சிந்தாமல் டம்ளருக்குள் விழுந்தது.

கடைக்காரர் டம்ளரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "எட்த்துக்கினு போம்மா" என்றார். "ஆனா வெட்டுனத அழிக்க முடியாது. கீழ உங்க பேரு வெட்டித் தர்றேன், காசு வேணாம். பேரும் ஊரும் சொல்லு."

பேர் எளிது. ஊருக்கு நான் திகைத்தேன். தோட்டத்தின் பேரா, நாட்டின் பேரா, பாட்டன் பூட்டன் கப்பலேறுமுன் இருந்ததாகச் சொல்லப்படும், நாங்கள் கண்ணால் காணாத அந்தக் கிராமத்தின் பேரா? ஓர் அலுமினிய வயிற்றில் எவ்வளவுதான் எழுத முடியும்?

"மல்லிகா, கள்ளிக்குப்பம்" என்றாள் அவள். அந்த வாயிலிருந்து அந்தப் பேரை நான் முதன்முறையாகக் கேட்டேன்.

"தோட்டத்தோட பேரப் போடுவியோன்னு நெனச்சேன்" என்றேன் ஆட்டோவில்.

"அங்க இதுக்குப் பேரு எதுக்குங்க? யாரு ஊட்டுக் கேத்தல்னு அங்க எல்லாருக்கும் தெரியும். இங்கதானே தொலையுது. இங்கதானே திரும்பி வரணும்."

இப்போது அது எங்கள் கேஸ் அடுப்பில் கொதிக்கிறது. கேஸில் கரி படிவதில்லை. அந்தப் பழைய கறுப்புத் தோல் இனி வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வயிற்றில் மாங்காடு, அதன் கீழே கள்ளிக்குப்பம். மூக்கு மட்டும் லயத்து வாசல் கல்லில் விழுந்த அன்று திரும்பிய பக்கமே இன்னும் திரும்பியிருக்கிறது. சாயங்காலங்களில் கஸ்தூரி வந்து சமையலறைத் தரையில் உட்காருகிறாள். "பால் இல்லாத டீ குட்த்து என் நாக்கையே கெட்த்துட்ட நீ" என்கிறாள். மல்லிகா கேத்தலைத் தூக்கும்போது, பேச்சை நிறுத்தாமலே, கஸ்தூரி தன் கிளாஸை இரண்டு விரற்கடை இடதுபக்கம் நகர்த்தி வைத்துக்கொள்கிறாள்.